வெரிலாக் பிழையை ஏஐ கண்டுபிடிக்குமா?

கேள்வி: வெரிலாக்கில் (சிப் வடிவமைப்பை எழுதும் மொழி) எழுதிய ஃபைஃபோ (முதலில் வந்த தரவை முதலில் வெளியே தரும் வரிசை) சிமுலேஷனில் தரவை இழக்கிறது. நிரலை அப்படியே மொழி மாதிரியிடம் கொடுத்தால் பிழையைச் சொல்லிவிடுமா?

சொல்லலாம், ஆனால் நிரல் மட்டும் போதாது. 16 இடம் உள்ள ஃபைஃபோவுக்கு 4 பிட் கவுன்ட்டர் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 4 பிட்டில் 15 வரைதான் எண்ண முடியும். 16 வந்ததும் அது 0 ஆகிவிடும். 'நிறைந்தது' என்ற சிக்னல் எழவே எழாது, பழைய தரவின் மேல் புதியது எழுதப்படும். இப்படிப்பட்ட பிழையை மொழி மாதிரி சட்டென்று பிடித்துவிடும். சொல்லப்போனால், இதற்கு ஏஐ-யே வேண்டாம். வெரிலேட்டர் என்ற சிமுலேஷன் கருவி, நிரலை ஓட்டாமலேயே சோதித்துத் தரும் லின்ட் எச்சரிக்கைகளை முதலில் பாருங்கள்.

நேரம் சம்பந்தப்பட்ட பிழைகளில்தான் மொழி மாதிரி தடுமாறும். வெரிலாக் நிரலின் பகுதிகளான ஆல்வேஸ் பிளாக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடுபவை. மாதிரியோ சி நிரலைப் போல மேலிருந்து கீழே படித்து, ஒரு கிளாக் துடிப்பு தள்ளி விடை சொல்லிவிடக்கூடும். அதனால் விசிடி கோப்பை (சிமுலேஷனில் சிக்னல்கள் மாறியதன் பதிவு) முழுதாகக் கொட்டாதீர்கள். தவறு நடந்த இடத்தைச் சுற்றி ஒரு பத்து கிளாக்குக்கு, தேவையான சிக்னல்களை மட்டும் அட்டவணையாகக் கொடுங்கள். எதிர்பார்த்த மதிப்பு என்ன, வந்தது என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், அது தரும் திருத்தத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். சில சமயம் வடிவமைப்பை விட்டுவிட்டு அதைச் சோதிக்கும் நிரலான டெஸ்ட்பெஞ்சைத் திருத்தி 'பாஸ்' வாங்கிவிடும், கில்லாடி! வெவ்வேறு கிளாக்கில் ஓடும் இரண்டு பகுதிகளுக்கு இடையே தரவு கடக்கும் இடங்களில் சாதாரண சிமுலேஷன் பாஸ் ஆனாலும் நம்பாதீர்கள். மெட்டாஸ்டபிலிட்டி, அதாவது சிக்னல் 0-வா 1-ஆ என்று முடிவாகாமல் தடுமாறும் நிலை, அதில் தெரியாது.