கொழும்பில் மட்டும் அப்பாவுக்கு உடம்பு கொதிப்பது ஏன்?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது, பார்க்கின்சன் நோய். கிளினிக்குக்காகக் கொழும்பு போனால் முகம் சிவந்து உடம்பு கொதிக்கிறது; ஒரு சொட்டு வியர்வை இல்லை. பனடோலுக்கும் குறையவில்லை. வீட்டில் தொந்தரவே கிடையாது. இது காய்ச்சலா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காய்ச்சல் போல இல்லை. காய்ச்சலில் மூளையே சூட்டைக் கூட்டி வைக்கிறது. அதைத்தான் பனடோல் இறக்கும். அப்பாவுக்கோ சேர்ந்த சூடு வெளியேற வழியில்லை. அங்கே பனடோலுக்கு என்ன வேலை?

மூளையிலுள்ள ஹைப்போதலமஸ் சூட்டை உணர்ந்து, முள்ளந்தண்டு வழியாகத் தன்னியக்க நரம்புகளைத் தூண்டும். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனம் சுரந்தால்தான் வேர்க்கும். இந்தப் பாதையில் நோய் எங்கே கைவைத்தாலும் தோல் காய்ந்துவிடும். மலைக்குளிரில் வேர்க்கவேண்டிய தேவை குறைவு, அதனால் குறை வெளியே தெரியவில்லை.

முதலில் மாத்திரைப் பையைப் பாருங்கள். நடுக்கத்துக்கான பென்செக்ஸோல், சிறுநீர் அவசரத்துக்கான ஒக்ஸிபியூட்டினின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாமே அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

இன்னொன்று. பார்க்கின்சனில் அதிகம் வேர்க்கிறது என்றுதான் பலரும் முறையிடுவார்கள். உடம்பு முழுக்க வேர்க்காமல், எழுந்தால் தலைசுற்றி, சிறுநீர் சரியாகப் போகாமல், தூக்கத்தில் மூச்சு கீச்சென்று இழுத்தால் அது 'மல்டிபிள் சிஸ்டம் அட்ரபி' என்ற வேறு நோயா என்று பார்க்கவேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்த்துத் தரச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் குறித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

பயணத்தை விடியற்காலையில் தொடங்குங்கள். கித்துல்கல வரும்போதே ஸ்வெட்டரையும் குல்லாவையும் கழற்றிவிடுங்கள்; நம் ஆட்கள் அதோடுதான் புறக்கோட்டையில் இறங்குவார்கள்! பனியனையும் கழுத்துத் துண்டையும் நனைத்துவிட்டு விசிறுங்கள். வியர்வை செய்யவேண்டியதை அந்த ஈரம் செய்யும். காய்ந்த தோலில் வெறும் காற்று பட்டுப் பெரிய பயனில்லை. சூடு 40 பாகையைத் தொட்டாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, ஆள் மயங்கினாலோ உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். மயங்கியவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கவேண்டாம்.

குளிர்ந்த வீட்டில் இருக்கும்போதே சூடு ஏறினால் கதை வேறு. சிறுநீர்த் தொற்றோ நெஞ்சுச்சளியோ இருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.