சோறு, சப்பாத்தி, கேழ்வரகுக் கூழ்: சர்க்கரை பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் கேட்டவை

இரவில் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறினேன். ஆனாலும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.4 விழுக்காட்டை விட்டு இறங்கவில்லை. ஏன்? (பெண், 52, ஈசூன்)

எத்தனை சப்பாத்தி என்று நீங்கள் எழுதவில்லையே, அம்மா. நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து இருக்கும். நான்கு சாப்பிட்டால் 60 கிராம். 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம்தான். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசாலா என்றால் கணக்கு இன்னும் ஏறும். கோதுமையும் வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது.

இரவைவிட உங்கள் மதியச் சாப்பாடுதான் எனக்குக் கவலை தருகிறது. நம் வீடுகளில் வழக்கமாக முதலில் சாம்பார் சோறு, அடுத்து ரசம், கடைசியில் தயிர் என்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம்போலத் தெரியும். சேர்த்து நிறுத்துப் பார்த்தால் சோறு மட்டுமே அரை கிலோவை நெருங்கிவிடும். 21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், தினமும் 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்ட தெற்காசியர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 61 விழுக்காடு அதிகம் இருந்தது. சோறுதான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் நம் தட்டைத் திரும்பிப் பார்க்க இது போதுமான காரணம்.

சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பீர்கள். ஒரு கரண்டித் தண்ணீர்ச் சாம்பாரில் இருக்கும் புரதம் மிகக் குறைவு. தட்டில் பாதி காய், கால் பங்கு மீனோ முட்டையோ தெம்பேயோ (புளிக்கவைத்த சோயாக் கட்டி) சுண்டலோ, மீதிக் கால் பங்கில் சோறு என்று வையுங்கள். ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடியுங்கள், தயிரைத் தனியாகச் சாப்பிடுங்கள். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. செலவே இல்லாத பழக்கம் இது.

எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடுவதே இல்லை, ஆளும் ஒல்லி. ஆனால் இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு லிட்டருக்கு 2.6 மில்லிமோல் என்று வந்திருக்கிறது. கொழுப்பு எங்கிருந்து வந்தது? (ஆண், 38, செங்காங்)

பெரும்பாலும் உங்கள் கல்லீரலிலிருந்து. உடனே தேவைப்படாத குளுக்கோஸைக் கல்லீரலும் தசையும் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். அந்த இடத்துக்கு ஓர் அளவு உண்டு. அது நிறைந்த பிறகும் சோறும் இனிப்புப் பானமும் வந்துகொண்டே இருந்தால், கல்லீரல் மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் அனுப்புகிறது. அதுவே டிரைகிளிசரைடு, 1.7-க்குக் கீழே இருப்பது நல்லது. கூடவே நல்ல கொழுப்பான எச்டிஎல் குறையும், கல்லீரலிலும் கொழுப்பு படியும். நம் ஆட்களின் பரிசோதனைத் தாளில் இந்த மூன்றும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம்.

ஒல்லி என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஆசியர்களுக்கு எடையைவிட வயிற்றுக்குள் சேரும் கொழுப்பே பெரிய ஆபத்து. அதனால்தான் சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இடுப்பையும் அளந்து பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. மது அருந்துவீர்களா என்று எழுதவில்லை. அதுவும் டிரைகிளிசரைடை ஏற்றும்.

அப்பாவுக்குச் சர்க்கரை. காலையில் கேழ்வரகுக் கூழ் கொடுக்கிறோம். நல்லதுதானே? (ஜூரோங்)

கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடிக்கும்போது மெல்லும் வேலை இல்லை, செரிமானம் வேகமாக நடக்கிறது, சர்க்கரையும் விரைவாக ஏறுகிறது. கூழைவிடக் கீரை போட்ட அடை மேல், கூட ஒரு முட்டை. கூழ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள், அதுவே பதில் சொல்லும்.

கட்டட வேலை, விடுதியில் தங்கியிருக்கிறேன். மூன்று வேளையும் பொட்டலச் சோறுதான். ஆபத்தா? (துவாஸ்)

வெயிலில் நாள் முழுக்க உழைக்கும் தசை குளுக்கோஸை எரித்துவிடும், தம்பி. உங்களுக்குச் சோறு தேவைதான். பொட்டலத்தில் குறைவது புரதம். அவித்த முட்டை, வேர்க்கடலை, முளைகட்டிய பயறு, எது முடிகிறதோ அதைச் சேருங்கள். இடைவேளைதோறும் டின் பானம் வேண்டாம், தண்ணீர் குடியுங்கள். மேற்பார்வை வேலைக்கு உயரும்போது சோற்றின் அளவையும் அப்போதே குறைத்துவிடுங்கள். பலர் உழைப்பு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே சாப்பிடுகிறார்கள்.

மாவுச்சத்தை அடியோடு நிறுத்தப் போகிறேன். கீட்டோ செய்யலாமா? கிளிக்கிளசைடு, எம்பாகிளிஃப்ளோசின் என்ற இரண்டு சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுகிறேன். (ஆண், 46, உட்லண்ட்ஸ்)

மருத்துவரிடம் பேசாமல் ஆரம்பிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். கிளிக்கிளசைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே சரிந்து மயக்கம் வரலாம். இன்சுலின் போடுவோருக்கும் இதே ஆபத்து. எம்பாகிளிஃப்ளோசினோடு கீட்டோ சேர்ந்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் நிலை வரலாம். அப்போது குளுக்கோமீட்டர் எண் சாதாரணமாகவே இருக்கக்கூடும் என்பதுதான் இதில் கொடுமை. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாவுச்சத்தே விஷம் என்பதும் உண்மையல்ல. 1949 வாக்கில் ஒக்கினாவா மக்களின் ஆற்றலில் ஏறத்தாழ 85 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வந்தது, பெரும்பகுதி சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்றவர்கள் அவர்கள். அமெரிக்கர் 15,000-க்கும் மேற்பட்டோரைக் கால் நூற்றாண்டு கவனித்து 2018-இல் வந்த ஆய்வில், 50 முதல் 55 விழுக்காடு ஆற்றலை மாவுச்சத்திலிருந்து பெற்றவர்களிடம் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. மிகக் குறைத்தவர்களிடமும் மிகக் கூட்டியவர்களிடமும் இறப்பு அதிகம். மருந்தளவை மாற்றிக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைப்பது வேறு. அது பலருக்கு நன்றாகவே உதவுகிறது.

உணவங்காடியில் எந்தத் தே (தேநீர்) கேட்பது?

தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாதது), அல்லது தே சி கோசோங் (ஆவிப்பால் சேர்த்தது, சர்க்கரை இல்லாதது). வெறும் 'தே' என்றால் இனிப்புக் கெட்டிப்பால். சியூ டாய் (இனிப்புக் குறைவாக) கேட்டாலும் சர்க்கரை குறையுமே தவிர இல்லாமல் போகாது.

சோற்றை ஆறவைத்து மறுநாள் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதாமே?

ஏறும், சற்றுக் குறைவாக. ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அதற்காக அளவைக் கூட்டிவிட்டால் அந்தப் பலனும் போய்விடும். இந்த ஊர் வெக்கையில் சோற்றை இரவு முழுக்க அடுப்படியில் விட்டுவிடாதீர்கள்; அதில் பெருகும் கிருமியின் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.