இரவல் கொடுத்த படம் வீடு திரும்ப: நுகர்வோர் கேள்வி-பதில்

வீடியோ வாடகைக் கடைகள் கொழும்பில் அநேகமாக மறைந்துவிட்டன. அவற்றின் வேலையை இப்போது வீட்டு அலுமாரிகள் செய்கின்றன என்பது வாசகர் கடிதங்களைப் படிக்கும்போது தெரிகிறது. சொந்தப் படச் சேகரிப்பிலிருந்து இரவல் கொடுப்பது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என்னிடம் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் இறுவட்டுகளாக இருக்கின்றன. உறவினர்களும் எங்கள் தொடர்மாடியில் உள்ளவர்களும் கேட்டு வாங்கிச் செல்கிறார்கள். பல திரும்பி வருவதில்லை. திருப்பிக் கேட்டால் மனத்தாங்கல், கொடுக்காவிட்டால் கஞ்சன் என்ற பெயர். என்ன செய்வது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கொடுங்கள். ஆனால் கொடுப்பதா இல்லையா என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மைத்துனருக்குக் கொடுத்ததை மச்சாளுக்கு மறுத்தால்தான் கதை வளரும். "இந்தத் தட்டில் உள்ளவை வீட்டை விட்டு வெளியே போவதில்லை, யார் கேட்டாலும் இங்கே இருந்து பார்க்கலாம்" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னால் யாருக்கும் தனிப்பட்ட வருத்தம் இருக்காது.

அந்தத் தட்டில் எவை இருக்க வேண்டும்? மறுபடியும் வாங்க முடியாதவை. விலை இங்கே அளவுகோல் அல்ல. அதிகம் கொடுத்து வாங்கிய புதுப் படம் இன்னும் சந்தையில் கிடைக்கலாம். ஆனால் எப்போதோ மலிவாக வாங்கிய பழைய தமிழ்ப் படம், அதை வெளியிட்ட நிறுவனமே மூடப்பட்டிருந்தால், தொலைந்தது தொலைந்ததுதான். இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களின் பிரதி ஏதாவது உங்களிடம் இருந்தால் அதை முதலாவதாக அந்தத் தட்டில் வையுங்கள்.

மற்றவற்றுக்கு ஒரு வழி சொல்கிறேன். மூலப் பெட்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, இறுவட்டை மட்டும் வெறும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொடுங்கள். காலியான மூலப் பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம்: யார், எந்தத் தேதி. தட்டில் பெட்டி இருக்கும், திறந்தால் ஆள் தெரியும். கொப்பியில் எழுதி வைத்துவிட்டு அந்தக் கொப்பியைத் தேடும் வேலை இல்லை. படம் போட்ட அட்டையும் மழையில் நனையாது. காகித உறை வேண்டாம், தடித்த பெட்டியே வேண்டும். காகித உறைக்குள் மணல் புகுந்தால் அதுவே இறுவட்டை உரசும். கொடுக்கும்போது பெட்டியை அவர் முன்னாலேயே திறந்து, இறுவட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். திரும்பி வரும்போதும் திறந்து பாருங்கள். உள்ளே வேறு படம் இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும், அன்றைக்கே கண்டுபிடித்தால் அன்றைக்கே மாற்றலாம்.

திருப்பிக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. கொடுக்கும்போதே "தைப்பொங்கலுக்கு வரும்போது கொண்டு வாருங்கள்" என்று ஒரு நாளோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவருக்கு இரண்டு படங்கள் போதும்; முதலிரண்டும் வந்த பிறகு அடுத்தவை. சம்பந்தி வீட்டார் கேட்டால் நான் சொல்வது வேறு: கடையில் கிடைக்கும் படமாக இருந்தால் ஒன்றை வாங்கி அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். அந்த உறவில் கணக்கு வைத்திருப்பது நல்லதல்ல.

கேள்வி: இரவல் கொடுப்பது சட்டப்படி குற்றமா? என் பெறாமகன் ஒரு படத்துக்கு நூறு ரூபாய் வாங்கலாம் என்கிறான். சிலர் பிரதி எடுத்துத் தரும்படியும் கேட்கிறார்கள்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: காசு வாங்காமல் உறவினருக்கும் நண்பருக்கும் உங்கள் இறுவட்டைக் கொடுத்து வாங்குவதில் பிரச்சினை இல்லை. அது உங்கள் பொருள். நூறு ரூபாய் வாங்கும் இடத்தில்தான் நிலைமை மாறுகிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் திரைப்படங்களை வாடகைக்கு விடும் உரிமையைப் பதிப்புரிமை உடையவருக்கே கொடுக்கிறது. இறுவட்டு உங்களுக்குச் சொந்தம் என்பதால் அந்த உரிமை உங்களுக்கு வந்துவிடாது. தொகை சிறியதா பெரியதா என்பதும் இங்கே கேள்வி அல்ல.

உங்கள் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுத்து வைப்பது வேறு, அதை எடுத்து அயலவருக்குக் கொடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பெறாமகனிடம் இதைச் சொல்லுங்கள். சங்கக் கட்டடத்திலோ ஆலய மண்டபத்திலோ எல்லோரையும் அழைத்துத் திரையிடுவதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். வீட்டு வரவேற்பறையில் குடும்பத்தோடு பார்ப்பதற்கு வேண்டாம்.

கேள்வி: கனடாவிலிருந்து தங்கை கொண்டு வந்த படங்களை நண்பர் வீட்டுக்கு இரவல் கொடுத்தேன். அங்கே ஒன்றும் ஓடவில்லை; என் வீட்டில் ஓடுகிறது. புறக்கோட்டையில் புதிதாக வாங்கிய அவருடைய பிளேயர் பழுதா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. டிவிடி உலகத்தை வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கனடாவும் அமெரிக்காவும் வலயம் 1, பிரித்தானியாவும் மேற்கு ஐரோப்பாவும் 2, அவுஸ்திரேலியா 4, இலங்கையும் இந்தியாவும் 5. பெட்டியின் பின்பக்கத்தில் சிறிய பூகோள உருண்டைக்குள் அந்த இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். வலயம் 5க்கு மட்டும் பூட்டப்பட்ட பிளேயர் வலயம் 1 இறுவட்டை ஏற்காது. உங்கள் வீட்டுப் பிளேயர் எல்லா வலயங்களுக்கும் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். வெளிநாட்டில் வெளியான தமிழ்ப் பட இறுவட்டுகள் பல வலயப் பூட்டே இல்லாதவை. ஆங்கிலப் படங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

டிவிடியைவிடக் கூர்மையான படம் தரும் புளூ-ரே இறுவட்டுகளுக்கு வேறு பிரிப்பு: வட அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, நாம் சி. அதைவிடக் கூர்மையான 4கே இறுவட்டுகளுக்கு வலயப் பூட்டு கிடையாது. மடிக்கணினியில் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிவிடி டிரைவின் வலயத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அப்படியே நின்றுவிடும். இரவல் வாங்கிய ஒரு படத்துக்காக அதில் ஒன்றைச் செலவழிக்காதீர்கள்.

பிளேயர் வாங்கப் போகிறவர்கள் தங்களிடம் உள்ள ஒரு வெளிநாட்டு இறுவட்டைக் கையோடு கொண்டு போய், காசு கொடுக்கும் முன் கடையிலேயே போட்டுப் பாருங்கள். "எல்லா வலயமும் ஓடும்" என்று கடைக்காரர் சொன்னால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த பிறகும் ஓடாமல், கடைக்காரரும் கையை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். அவசர இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இல்லாமல் போனால் உங்கள் பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

கேள்வி: இரவல் போய் வந்த இறுவட்டில் கீறல்கள். பற்பசை தேய்த்தால் போகும் என்கிறார்களே?
– வாசகர், தெஹிவளை

பதில்: முதலில் அது கீறலா, எண்ணெய்க் கைரேகையா என்று பாருங்கள். வடை சாப்பிட்ட கையால் எடுத்த இறுவட்டும் நின்று நின்றுதான் ஓடும். மென்மையான பருத்தித் துணியை இலேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் பதிந்திருக்கும் தடம் வட்டமாகச் செல்கிறது. அதே திசையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாகப் பல தகவல்கள் அழியும், குறுக்கே விழும் கீறலைப் பிளேயர் ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.

பற்பசை ஒரு தேய்பொருள். டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருப்பதால் மேலோட்டமான கீறலை மெருகேற்றி மட்டுப்படுத்த இடம் இருக்கிறது. இருந்தாலும் பற்பசையை நான் சொல்ல மாட்டேன். புளூ-ரேயில் அந்தத் தடிப்பு 0.1 மில்லிமீற்றர் மட்டுமே. தேய்த்தால் படம் போய்விடும். நடுத் துளையைச் சுற்றி வெடிப்பு தெரிந்தால் ஓட்டாதீர்கள். அது பெட்டியிலிருந்து இழுத்து எடுத்ததால் வந்தது: நடுப் பற்களை விரலால் அழுத்தாமல் விளிம்பைப் பிடித்து வளைத்திருப்பார்கள். அடுத்த முறை கொடுக்கும்போது எப்படி எடுப்பது என்று காட்டிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்யாண வீடியோவும் படங்களோடு அலுமாரியில் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அதையும் கேட்கிறார்கள்.
– வாசகி, வத்தளை

பதில்: அதை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். கடையில் வாங்கிய இறுவட்டு அச்சில் அழுத்திச் செய்யப்பட்டது, அடிப்பக்கம் வெள்ளிபோல மின்னும். ஸ்டூடியோக்காரர் தந்தது பெரும்பாலும் எழுதும் இறுவட்டு; அடிப்பக்கத்தில் ஊதா சாயல் தெரியும். அங்கே தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயில் படும் ஜன்னலோரமோ காருக்குள்ளோ கிடந்தால் அந்தச் சாயம் கெடும், கீறலே இல்லாமல் படம் அழியும்.

வீஎச்எஸ் கசெட்டாக இருந்தால் இன்னும் அவசரம். கடைசியாக வீஎச்எஸ் பிளேயர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கசெட்டின் கண்ணாடி வழியாக நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது பூஞ்சணம். நமது கடற்கரைக் காற்றின் ஈரத்தில் எளிதாகப் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த நாடாவைப் பிளேயரில் போடாதீர்கள், நாடா அறுவதோடு அடுத்த கசெட்டுக்கும் அது தொற்றும். இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். அவர் முடிக்கும் வரை அங்கேயே இருந்து கசெட்டைக் கையோடு திரும்பிக் கொண்டு வாருங்கள். பிறகு கேட்பவர்களுக்கெல்லாம் பிரதி கொடுக்கலாம். உங்கள் கல்யாணம், ஊர் முழுக்கப் பார்க்கட்டும்.

கேள்வி: இணையத்தில் "வாங்கிய" படத்தை நண்பருக்கு இரவல் கொடுக்க முடியுமா?
– வாசகர், மருதானை

பதில்: முடியாது. நீங்கள் வாங்கியது பார்ப்பதற்கான அனுமதி, படம் அல்ல. அந்தச் சேவை ஒரு நாள் படத்தை நீக்கினாலோ கடையைச் சாத்தினாலோ உங்களிடம் எதுவும் மிஞ்சாமல் போகலாம். கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் தீர்வல்ல. நெட்ஃபிளிக்ஸ் 2023இலிருந்து ஒரே வீட்டில் இல்லாதவர்களுடன் கணக்கைப் பகிர்வதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. நண்பரை வீட்டுக்கு அழைத்துச் சேர்ந்து பாருங்கள். இரவல் கொடுக்க விரும்பும் படமென்றால் இறுவட்டாகக் கிடைக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நண்பர் என் புளூ-ரேயைத் தொலைத்துவிட்டார். அவராகவே வந்து சொல்லி, நான் வாங்கிய விலையைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: காசு வேண்டாம், அதே படத்தைத் தேடித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தால் தபால் செலவும் சேர்ந்து நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாகும். அந்த வித்தியாசத்தை இருவரும் பாதி பாதி ஏற்றுக்கொள்ளுங்கள். தானாக வந்து சொன்னவர் அவர். அடுத்த படத்தையும் அவருக்குக் கொடுக்கலாம்.