1/32 மஸ்டங்ல சில்வர் பெயிண்ட் ஏன் பூக்குது, ஏன் சொரசொரன்னு வருது?

வேளச்சேரியிலருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். தமியா கம்பெனியோட 1/32 (நிஜத்துல 32ல ஒரு பங்கு) பி-51டி மஸ்டங் போர் விமான மாடல் கிட் வாங்கி பாடிய ஒட்டி முடிச்சிட்டாராம். பளபளப்பு கறுப்பு பேஸ் அடிச்சு அதுக்கு மேல ஆல்க்ளாட்ங்கற லாக்கர் சில்வர் பெயிண்ட் அடிச்சா இறக்கை முழுக்க சொரசொரன்னு இருக்கு, பாடில அங்கங்க வெள்ளையா பூத்திருக்கு, ஒட்டின கோடு வேற தெரியுது. எல்லாத்தையும் உரிச்சிட்டு மொதல்லருந்து ஆரம்பிக்கணுமா, டீகால் (தண்ணில நனைச்சு ஒட்டுற முத்திரை) ஒட்டுறதுக்கு முன்னாடி நிறமில்லாத கிளியர் கோட் தேவையான்னு கேக்குறார்.

உரிக்க வேண்டாங்க. மூணு பிரச்சனைக்கும் காரணம் வேற வேற, மூணையும் அப்படியே மேலயே சரி பண்ணிடலாம். ஆனா ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மெட்டல் ஃபினிஷ்ங்கறது சில்வர் பெயிண்ட் செய்யுற வேலை இல்ல, அதுக்கு கீழ இருக்குற பரப்பு செய்யுற வேலை. கேமோஃபிளாஜ் பச்சை கிரே எல்லாம் சின்ன கீறல மூடிடும், சில்வர் படலம் ரொம்ப மெல்லிசு, கீழ இருக்குறத அப்படியே எடுத்து காட்டும். அதுவும் 1/32ல கேக்கவே வேணாம், நிஜ மஸ்டங்கோட இறக்கை 11.28 மீட்டர், உங்க மேசைல அது 35 சென்டிமீட்டருக்கு மேல வருது, அவ்வளவு பெரிய பரப்புல வெளிச்சம் விழுறப்போ 0.3 மில்லிமீட்டர் கீறல் கூட நிஜ விமானத்துல ஒரு சென்டிமீட்டர் பள்ளம் இருக்குற கணக்குக்கு தெரியும்.

முதல்ல வெள்ளையா பூத்தத பாப்போம், ஏன்னா இது நம்ம ஊரு பிரச்சனை. லாக்கர் பெயிண்ட்ல இருக்குற தின்னர் வேகமா ஆவியாகுறப்போ பரப்போட சூட்டையும் இழுத்துக்கிட்டு போயிடும், அந்த இடம் சட்டுன்னு குளிர்ந்துடும், காத்துல ஈரம் அதிகமா இருந்தா அது அங்கயே நீரா படிஞ்சு பெயிண்ட் படலத்துக்குள்ள மாட்டிக்கும், அதுதான் அந்த வெள்ளை. சென்னைல விடிகாலைல ஈரப்பதம் உச்சத்துல இருக்கும், வெயில் ஏற ஏற குறையும், கடல்காத்து உள்ள வந்துச்சுன்னா மறுபடி ஏறிடும், அதனால மணி பாத்து அடிக்காதீங்க, ஈரப்பதம் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கி மேசைல வச்சுட்டு 60 சதவீதத்துக்கு கீழ இறங்குனப்புறம் அடிங்க. ஏசி இருந்தா டிரை மோட்ல ஒரு மணி நேரம் ஓட விட்டு, அடிக்கிறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிடுங்க, இல்லேன்னா தின்னர் வாடை ரூமுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழைல லாக்கர் பக்கமே போகாம காக்பிட், டயர், இன்ஜின்னு பிரஷ் வேலைய பாருங்க. கம்ப்ரஸர்ல காத்துல வர்ற ஈரத்த பிடிக்குற மாய்ஸ்சர் ட்ராப் இருக்கான்னும் பாருங்க, டேங்க்ல சேர்ற தண்ணிய அப்பப்போ திறந்து விடுங்க.

இப்ப கறுப்பு பேஸ்லயே பூத்திருந்தா, ஈரம் குறைவா இருக்குற நாள்ல மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர மட்டும் ஏர்பிரஷ்ல ஊத்தி லேசா ஒரு கோட் விடுங்க, அதுல பெயிண்ட் காயுறத மெதுவாக்குற ரிடார்டர் இருக்கு, படலம் கொஞ்சம் இளகி உள்ள மாட்டுன ஈரம் வெளிய போயிடும், பெரும்பாலும் சரியாயிடும். சில்வர் மேல பூத்திருந்தா மட்டும் இத பண்ணாதீங்க, மெட்டல் துகள் நகர்ந்து திட்டு திட்டா ஆயிடும், அந்த இடத்த தேய்ச்சு கறுப்பு அடிச்சு மறுபடி சில்வர் விடுறதுதான் வழி. ஹார்ட்வேர் கடைல கிடைக்குற என்.சி. தின்னர ஏர்பிரஷ் கழுவ மட்டும் வச்சுக்கோங்க, மாடல் மேல பட்டா பிளாஸ்டிக்கையே கரைச்சிடும்.

சொரசொரப்புக்கு காரணம் பெயிண்ட் பரப்புல விழுறதுக்கு முன்னாடியே பாதி காஞ்சிடுறது. தூரத்துலருந்து அடிச்சா, தின்னர் குறைவா கலந்தா, ஃபேன் ஓடிக்கிட்டு இருந்தா இப்படித்தான் ஆகும். கறுப்ப நல்லா நீர்க்க கலந்து, பக்கத்துலருந்து, ஈரமா விழுற மாதிரி அடிங்க. இப்ப இருக்குறத 2000 வாட்டர் பேப்பர்ல தண்ணி தொட்டு ரொம்ப மெதுவா தேய்ங்க, அப்புறம் மைக்ரோமெஷ்ங்கற ரொம்ப நைசான தேய்ப்பு துணில படிப்படியா நைசாக்குங்க, விரலால தடவினா வழுக்கணும், டியூப் லைட்டோட பிம்பம் உடையாம நேரா தெரியணும், அதுக்கப்புறம்தான் சில்வர். ஆல்க்ளாட தின்னர் கலக்காம அப்படியே 12லருந்து 15 பிஎஸ்ஐ காத்தழுத்தத்துக்குள்ள வச்சு அஞ்சாறு சென்டிமீட்டர் தூரத்துல லேசு லேசா ஏத்துங்க, கறுப்பு மறைஞ்சதும் நிறுத்திடுங்க, அதுக்கு மேல போனா பளபளப்பு செத்துடும்.

ஒட்டின கோடு மறுபடி தெரியுறது சிமெண்ட்டால. எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட் பிளாஸ்டிக்க இளக்கித்தான் ஒட்டுது, உள்ள இருக்குற சால்வெண்ட் வாரக்கணக்குல மெல்ல வெளிய போயிக்கிட்டே இருக்கும், அதுக்குள்ள நீங்க தேய்ச்சு மட்டம் பண்ணிட்டா பின்னாடி அந்த இடம் உள்வாங்கிடும். பாடியோட முதுகு கோட்டுல கறுப்பு சூப்பர் க்ளூவ விட்டு, அது ரொம்ப கெட்டியாகுறதுக்குள்ள அன்னிக்கே தேய்ச்சுடுங்க, அது சுருங்காது.

இனி நான் ரொம்ப ஆசையா சொல்ல வர்ற விஷயம். நிறைய பேரு மஸ்டங்க மூக்குலருந்து வால் வரைக்கும் ஒரே கண்ணாடி பளபளப்புல கொண்டு வர உசிர விடுறாங்க, ஆனா நிஜ பி-51டில பாடிதான் வெறும் அலுமினியம், இறக்கை அப்படி இல்ல. அது லாமினார் ஃப்ளோ இறக்கை, காத்து வழுக்கிக்கிட்டு போகணும்னு நார்த் அமெரிக்கன் ஃபேக்டரியிலயே இறக்கையோட முன்பக்கம் இருக்குற ரிவெட்டு, இணைப்பு எல்லாத்தையும் பட்டி பார்த்து தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, மேல அலுமினியம் லாக்கர் பெயிண்ட் அடிச்சுதான் அனுப்புனாங்க. இறக்கைல துப்பாக்கி இருக்குற அறையோட மூடியும், பின்பக்கம் கீழ இறங்குற ஃபிளாப்பும் வெறும் உலோகம். பின்னால வால்ல திரும்புற ரட்டர் துணி போத்துனது, அதுவும் சில்வர் பெயிண்ட்தான். அதனால உங்க இறக்கைக்கு அந்த கண்ணாடி ஃபினிஷ் தேவையே இல்ல! சொரசொரப்ப தேய்க்குறப்பவே முன்பக்க ரிவெட்டையும் பேனல் கோட்டையும் மிஸ்டர் சர்ஃபேஸர் 500ங்கற கெட்டி பிரைமர் வச்சு நிரப்பிடுங்க, துப்பாக்கி மூடிய சுத்தி இருக்குற கோட்ட மட்டும் விட்டுடுங்க, அப்புறம் கிரே பிரைமர், அதுக்கு மேல தமியா எல்பி-11 சில்வர், கொஞ்சம் மங்கலா பெயிண்ட் மாதிரியே இருக்கட்டும். கறுப்பு பேஸும் ஆல்க்ளாடும் பாடிக்கும் ஃபிளாப்புக்கும் போதும். பாடில கூட ரெண்டு மூணு பேனல மாஸ்க் பண்ணி டூராலுமினியம், டார்க் அலுமினியம்னு ஷேட் மாத்தி விட்டீங்கன்னா பக்கத்துல பக்கத்துல வேற வேற தகடு இருக்குறது தெரியும், இந்த ஒரு வேலைக்காகவே நான் மஸ்டங் கட்டச் சொல்வேன். மாஸ்கிங் டேப்ப ஒட்டுறதுக்கு முன்னாடி கைத்தோல்ல ஒட்டி எடுத்து பிசின குறைச்சுக்கோங்க.

ஃபிளாட்ல அடிக்கிறீங்க, அதனால இதையும் சொல்லிடுறேன், என்95 மாஸ்க் துகள மட்டும்தான் தடுக்கும், லாக்கர் ஆவிய தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வச்ச ஹாஃப் மாஸ்க் வாங்குங்க, ஜன்னலுக்கு வெளிய தள்ளுற ஸ்ப்ரே பூத் வச்சுக்கோங்க. வீட்ல சின்ன பசங்க இருந்தா அன்னிக்கு கதவ சாத்தி வச்சுட்டு வாடை முழுசா போனப்புறம் திறங்க.

கிளியர் கோட் பத்தி கேட்டிருந்தீங்க. பாடில வேண்டாம், எந்த கிளியர் அடிச்சாலும் உலோகக் களை குறையும், ஆல்க்ளாட் காஞ்ச பரப்பு வழவழன்னுதான் இருக்கும், டீகால நேரா அதுமேலயே ஒட்டலாம். டீகால இளக்கி படிய வைக்குற மைக்ரோ சால் திரவத்துக்கு அங்கங்க கறை விழுற வாய்ப்பு இருக்கு, அதனால முதல்ல அடிப்பக்கத்துல ஒரு சொட்டு வச்சு பாருங்க, ஒட்டினதும் சுத்தி வழிஞ்சத ஈர பட்ஸ்ல உடனே துடைச்சுடுங்க. இறக்கைல எல்பி-11 கொஞ்சம் மங்கலா காஞ்சிருந்தா நட்சத்திர முத்திரை ஒட்டுற இடத்துல மட்டும் லேசா கிளாஸ் கிளியர் விட்டு டீகால் ஒட்டிட்டு, கடைசில இறக்கை முழுக்க செமி கிளாஸ் ஒரு கோட் அடிச்சா டீகால் ஓரம் தெரியாது.