ரோயிங் மெஷினை விற்றுவிடவா?

அன்புள்ள சார்,

எனக்கு வயது 56. நாற்பதைத் தாண்டியபின் ரோயிங் மெஷினில், அதாவது வீட்டுக்குள்ளேயே துடுப்பு போடும் உடற்பயிற்சி மெஷினில், உட்கார ஆரம்பித்தேன், அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. 2000 மீட்டரை எட்டு நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டிருந்தவன் நான். சென்ற வருடம் ஒருநாள் படபடப்பு அடங்காமல் போய் ஈசிஜி எடுத்தபோது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் துடிப்புக் கோளாறு. விட்டுவிட்டு வருகிற வகை. எக்கோ என்கிற இதய ஸ்கேன் நார்மல். பீட்டா பிளாக்கர் ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று என்று இரண்டு மாத்திரைகள். ‘மிதமாக உடற்பயிற்சி செய்யலாம்’ என்றார் டாக்டர். மிதம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

இப்போது மெஷினில் உட்கார்ந்தால் பாதி நேரம் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 95 காட்டும், திடீரென்று 170 என்கும், பயந்துபோய் நிறுத்தினால் 60 என்கும். மெஷினை விற்றுவிடச் சொல்கிறான் மகன். அளவுக்கு மீறி துடுப்பு போட்டதால்தான் இந்த வியாதியே வந்தது என்கிறார் ஒரு நண்பர். நீங்களும் இதே பிரச்சனையோடு துடுப்பு போடுபவர் என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்திவிடவா? இல்லை, பழையபடி எட்டு நிமிடத்துக்குள் வர முடியுமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

மெஷினை விற்க வேண்டாம். எதையாவது விற்றே தீர வேண்டும் என்றால் வாட்சை விற்றுவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. இதே கோளாறோடு இதே மெஷினில் உட்காருகிறவன், அவ்வளவுதான். அதனால் முதல் வேலையாக அந்த ‘மிதம்’ கேள்வியை மறுபடி டாக்டரிடமே கொண்டுபோங்கள், ஆனால் இந்த முறை காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ‘உடற்பயிற்சி செய்யலாமா’ என்று கேட்டால் ‘மிதமாக’ என்றுதான் யாரும் சொல்வார்கள். ‘100 வாட்டில் அரை மணி நேரம் துடுப்பு போடலாமா, மாத்திரை சாப்பிட்ட நிலையிலேயே ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

சரி, வாட்ச் விஷயம். மணிக்கட்டு வாட்ச் இதயத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. தோலுக்குள் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே ரத்தம் ஏறி இறங்குவதை வைத்துக் கணக்குப் போடுகிறது. ரோயிங்கில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறோம், ஒவ்வொரு இழுப்பிலும் மணிக்கட்டின் தசைநார்கள் விறைத்துத் தளர்கின்றன, வாட்ச் அந்த அசைவையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டுவிடும். இது இதயம் ஒழுங்காகத் துடிக்கிறவர்களுக்கே நடப்பது. நமக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும்போது கீழறைக்குப் போகும் தூண்டல்கள் கண்டபடி வருகின்றன, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே சில சமயம் இடைவெளியே இருப்பதில்லை. குடம் நிரம்புவதற்குள் கவிழ்த்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? அப்படித்தான் சில துடிப்புகளில் வெளியேறும் ரத்தம் மணிக்கட்டுவரை தெரிகிற அளவுக்கு இருப்பதில்லை. இதயம் 140 முறை துடிக்க, மணிக்கட்டில் 100தான் எட்டும். மார்பில் கட்டும் பட்டி மின்துடிப்பையே பிடிப்பதால் எவ்வளவோ மேல், ஆனாலும் அது காட்டுவது சில நொடிகளின் சராசரி. தாறுமாறான ஒன்றுக்கு சராசரி எடுத்து என்ன செய்ய?

இதோடு நீங்கள் பீட்டா பிளாக்கர் வேறு சாப்பிடுகிறீர்கள். அந்த மாத்திரையின் வேலையே துடிப்பு மேலே ஏறாமல் தடுப்பதுதான். 220இலிருந்து வயதைக் கழித்து 164 என்று ஒரு எண்ணைப் பிடித்து, அதில் இத்தனை சதவீதம் என்று ஜிம் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை எதுவும் இனி உங்களுக்குப் பொருந்தாது.

வாட்ச் ஒரே ஒரு விஷயத்துக்கு உதவும். உங்களுடையதில் ஈசிஜி வசதி இருந்தால், துடுப்பு போட்டு முடித்து அமைதியாக உட்கார்ந்தபின், இல்லை வேறு எப்போதாவது படபடப்பு வரும்போது, கையை அசைக்காமல் 30 நொடி பதிவுசெய்து வையுங்கள். டாக்டருக்கு அது பயன்படும். துடுப்பு போடும்போது மட்டும் அது மேசை மேல் கிடக்கட்டும்.

அப்படியானால் எதைப் பார்த்துப் பயிற்சி செய்வது? ரோயிங் மெஷினில் இருக்கும் வசதியே இதுதான், நீங்கள் எவ்வளவு வேலை செய்கிறீர்கள் என்பதை அது நேராகச் சொல்லிவிடும். ஓடுபவனுக்கு மேடு, காற்று, வெயில் என்று ஆயிரம் சாக்கு. இங்கே காற்றாடிச் சக்கரம் சுற்றுகிற வேகத்திலிருந்து மானிட்டர் வாட் கணக்கைச் சொல்லிவிடுகிறது. கான்செப்ட்2 மாதிரி மெஷினில் 500 மீட்டருக்கு 2:30 என்ற வேகம் ஏறக்குறைய 104 வாட். 2:20 என்றால் 128. நீங்கள் பழைய நாட்களில் 2000 மீட்டருக்குப் பிடித்து வைத்திருந்த 2:00 என்பது 202 வாட். வேகம் கொஞ்சம் கூடினாலும் தேவைப்படும் சக்தி மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. திரையில் பத்து நொடி குறைந்தால் ‘கொஞ்சம் கூட்டிப் போட்டேன்’ என்று நாம் நினைக்கிறோம், இதயத்துக்கு அது கால் பங்கு கூடுதல் வேலை. அதனால் திரையை வேகத்திலிருந்து வாட்டுக்கு மாற்றிவிடுங்கள், பேராசை பாதி குறையும்.

டாக்டர் சரி என்றால் 85, 90 வாட்டில் ஆரம்பிக்கலாம், அதாவது 2:40 பக்கம். ஸ்ட்ரோக் ரேட், அதாவது நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்பது, 18இலிருந்து 20. அளவுகோல் மூச்சு: ஒரு முழு வாக்கியத்தை நடுவில் திணறாமல் சொல்லி முடிக்க வேண்டும், பாட முடியாமல் போகலாம், பேச முடிய வேண்டும். ஸ்வீடன்காரர் குன்னர் போர்க் உருவாக்கிய 6இலிருந்து 20 வரையிலான சிரம அளவுகோலை, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாமே எண் கொடுப்பதை, டாக்டர்கள் இன்னும் பயன்படுத்துகிறார்கள், அதில் 11இலிருந்து 13க்குள் நிற்க வேண்டும். பீட்டா பிளாக்கர் சாப்பிட்டாலும் இந்த அளவுகோல் கெட்டுப்போவதில்லை.

அப்புறம் டேம்பர், சக்கரத்துக்குள் போகும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் பத்து வரை எண் போட்டிருக்கும் பிடி. பத்தில் வைத்து இழுப்பதுதான் ஆண்மை என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டது இன்னும் ஜிம்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. டேம்பரைத் திறந்தால் காற்று அதிகம் உள்ளே போகும், சக்கரம் சீக்கிரம் வேகம் இழக்கும், அடுத்த இழுப்பில் அதை மறுபடி கிளப்ப நீங்கள் கிட்டத்தட்ட பளு தூக்க வேண்டியிருக்கும். அந்த நொடியில் என்ன செய்கிறீர்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முழங்கால் மடங்கி, கணைக்கால்கள் செங்குத்தாக நிற்க, கை நீண்டு, வயிறு தொடையில் அழுந்தியிருக்கும் நிலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உதைப்பீர்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடும், மூச்சை விட்டதும் எல்லாம் எதிர்த்திசையில் புரளும், நிமிடத்துக்கு இருபது முறை இந்த ஆட்டம். ஏற்கனவே எரிச்சலில் இருக்கும் மேலறைகளுக்கு இதைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. டேம்பரை மூன்றிலோ நான்கிலோ வைத்து, காலால் உதைக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இருக்கை முன்னால் நகரும்போது உள்ளே இழுங்கள். ஒரு வாரம் வேறு எதையும் பார்க்காமல் இதை மட்டும் பழகினால் போதும்.

முடிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கடைசி மீட்டர் முடிந்ததும் கைப்பிடியை வைத்துவிட்டு எழுந்து நிற்காதீர்கள். கால்களில் விரிந்து கிடக்கும் ரத்தக்குழாய்களில் ரத்தம் தங்கிவிடும், அழுத்தம் இறங்கும், பீட்டா பிளாக்கர் இருப்பதால் இதயம் வேகமெடுத்து அதை ஈடுகட்டவும் முடியாது, தலை சுற்றும். பத்து நிமிடம் வெறுமனே கையும் காலும் போய்வருகிற அளவுக்கு இழுத்து இறங்குங்கள். ஆரம்பத்திலும் அதே பத்து நிமிடம்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்வீடனில் வாசாலோப்பெட் என்று 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி உண்டு. 1989இலிருந்து 1998 வரை அதை முடித்த 52,755 பேரைத் தொடர்ந்து பார்த்து 2013இல் ஒரு ஆய்வு வெளியானது. அதிகமுறை முடித்தவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் இதயத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு மற்ற போட்டியாளர்களைவிட அதிகமாக இருந்தது. துடுப்பிலேயே உதாரணம் வேண்டும் என்றால் நியூசிலாந்தின் ராப் வாடெல். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தனிப்படகில் தங்கம், ரோயிங் மெஷினில் 2000 மீட்டரை 5:36.6க்கு இழுத்து அப்போதைய உலக சாதனை. அவருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் தனிப்படகு இடத்துக்காக சக நாட்டவரான மாஹே டிரைஸ்டேலோடு மூன்று பந்தயங்கள் மோதினார், ஆளுக்கொன்று வென்றபின் மூன்றாவதில் இதயம் தாளம் தப்பிவிட்டது, இடம் டிரைஸ்டேலுக்குப் போனது.

ஆனால் வாசாலோப்பெட்டை திரும்பத் திரும்ப ஓடுகிறவர்களும் வாடெலும் பயிற்சி செய்கிற அளவு வேறு, வாரத்துக்கு நான்கு நாள் அரை மணி நேரம் உட்காருகிற நம் அளவு வேறு. மறுபக்கத்தையும் பாருங்கள். நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்மில் இந்தக் கோளாறு உள்ள 51 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் மூன்று முறை, நான்கு நிமிட வேகச் சுற்றுகள் நான்கு என்று 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, பயிற்சி செய்தவர்கள் தாளம் தப்பிய நிலையில் இருந்த நேரம் சராசரி 8.1 சதவீதத்திலிருந்து 4.8க்கு இறங்கியது, சும்மா இருந்தவர்களுக்கு 10.4இலிருந்து 14.6க்கு ஏறியது. சின்ன ஆய்வுதான், மேற்பார்வையில் நடந்ததுதான், அதைப் படித்துவிட்டு நாளைக்கே நான்கு சுற்று போட வேண்டாம். ஆனால் நண்பர் சொல்வதுபோல் ‘துடுப்புதான் காரணம், அதை விட்டால் சரியாகிவிடும்’ என்று கணக்குப் போட முடியாது என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது. குறட்டை விடுபவரா நீங்கள்? தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எடை, மது, ரத்த அழுத்தம் எல்லாம் வரிசையில் நிற்கும்போது மெஷினை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

துடுப்பு போடும்போது நடுவில் தாளம் தப்ப ஆரம்பித்துவிட்டால்? எனக்கு அது பெரும்பாலும் நெஞ்சில் தெரிவதற்கு முன் திரையில் தெரிந்துவிடும். கால் அதே உதைதான் உதைக்கிறது என்று தோன்றும், வாட் மட்டும் நூறிலிருந்து தொண்ணூறு, எண்பது என்று சரியும், மூச்சு அதற்குப் பொருத்தமில்லாமல் வாங்கும். மேலறைகள் தங்கள் பங்கை நிறுத்திவிட்டதால் ஒவ்வொரு துடிப்பிலும் போகும் ரத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது வேகத்தைக் குறைத்து, மெதுவாக நிறுத்தி, கீழே உட்கார்ந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் முக்கி இழுத்தால் தாளம் தானாகத் திரும்பிவிடும் என்று நம்புகிற ஆட்கள் உண்டு, அந்தப் பரீட்சையெல்லாம் வேண்டாம். அன்றைக்கு அவ்வளவுதான். நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்தும் அடங்காத மூச்சுத்திணறல், முகம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை பலமிழப்பது இதில் ஏதாவது ஒன்று இருந்தால் யோசிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். தாளம் தப்பும்போது மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லி ஃப்ளெகைனைடு போன்ற மாத்திரை சிலருக்குக் கொடுப்பார்கள். உங்களுக்கு அது இல்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அதைப் போட்டபின் தாளம் திரும்பிவிட்டாலும், மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை மெஷின் பக்கம் போகக் கூடாது. எத்தனை நாள் என்று டாக்டரே சொல்வார்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோடு துடுப்பு போடுவதில் பெரிய சிக்கல் இல்லை, விழுகிற விளையாட்டு இல்லை இது. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தால் ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகும், தலையில் அடிபட்டால் மட்டும் சின்ன அடி என்று விட்டுவிடாமல் போய்க் காட்டிவிடுங்கள். ஆனால் ஒன்று. பல வாரம் படபடப்பே இல்லை, நன்றாக இழுக்கிறேன், இனி எதற்கு இந்த மாத்திரை என்று ஒருநாள் தோன்றும். பக்கவாத ஆபத்தை டாக்டர் கணக்கிடுவது உங்கள் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றையெல்லாம் வைத்து, இன்றைய துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதை வைத்து இல்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எட்டு நிமிடம் திரும்பி வருமா என்ற கேள்வி. பீட்டா பிளாக்கர் இருக்கும்வரை கஷ்டம், உச்ச வேகத்துக்குத் தேவையான ரத்த ஓட்டத்துக்கே அது மூடி போட்டிருக்கிறது. மாத்திரை மாறலாம், கோளாறைக் கிளப்பும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் சிகிச்சை செய்துகொள்ளலாம், அப்போது வந்தாலும் வரலாம். ஆனால் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், 2000 மீட்டரை நேரம் வைத்து இழுப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், நோய் வருவதற்கு முந்தைய உங்களோடு பந்தயம் ஓடுவதுதான் இதில் இருப்பதிலேயே மோசமான பயிற்சித் திட்டம். அதற்குப் பதில் 30 நிமிடம், அதே மூச்சு, அதே ஸ்ட்ரோக் ரேட், எத்தனை மீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், தண்ணீர் ஒழுங்காகக் குடித்தீர்களா, மது உண்டா, படபடப்பு வந்ததா என்பதையும் குறித்து வையுங்கள். சில மாதத்தில் உங்கள் இதயத்தை எது கிளப்பிவிடுகிறது என்று அந்த நோட்டே காட்டும், டாக்டரும் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன் அதை ஒரு பார்வை பார்ப்பார்.

மகன் பயப்படுவதில் தப்பில்லை. வீட்டில் யாராவது இருக்கும் நேரத்தில் மட்டும் மெஷினில் உட்காருவதாக அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன்.

அன்புடன்.