ட்யூனரில் சரி, சேர்ந்தால் பிசிறு: ஐந்து ஃப்ளூட்டுகளை ஒரே சுருதியில் நிறுத்துவது எப்படி?

கேள்வி: பெரம்பூரில் ஞாயிறுதோறும் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடி வாசிக்கும் விண்ட் ஆர்க்கெஸ்ட்ரா எங்களுடையது. முப்பது பேரில் ஃப்ளூட் மட்டும் ஐந்து. அதில் இரண்டு பேர் கர்நாடக சங்கீதத்தில் மூங்கில் குழல் வாசித்து வந்தவர்கள். தனித்தனியாக ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) பார்த்தால் எல்லோருக்கும் முள் நடுவில் நிற்கிறது. சேர்ந்து வாசித்தால் காது கூசுகிறது, அதுவும் சத்தம் குறைகிற இடங்களில். கிளாரினெட் வரிசை எங்களைத்தான் குறை சொல்கிறது. கோடை விடுமுறையில் மூன்று பிள்ளைகளுக்கு ஃப்ளூட் சொல்லிக்கொடுக்கவும் போகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ட்யூனரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒருவர் ஒரே ஸ்வரத்தை மிதமான சத்தத்தில் ஊதும்போது எங்கே நிற்கிறார் என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. உங்கள் சிக்கல் சத்தம் கூடும்போதும் குறையும்போதும் வருகிறது.

கிளாரினெட்காரர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஃப்ளூட்டில் காற்றைக் குறைத்தால் சுருதி இறங்கும், பலமாக ஊதினால் ஏறும். கிளாரினெட்டில் நேர்மாறு: மெதுவாக ஊதினால் ஏறும், பலமாக ஊதினால் இறங்கும். ஆகவே இரண்டும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து சத்தத்தைக் குறைக்கும்போது ஒன்று கீழே போகிறது, மற்றது மேலே போகிறது. நீங்கள் 10 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கி அவர்கள் 10 சென்ட் ஏறினால் நடுவில் 20 சென்ட் இடைவெளி. தலைப்பகுதியை (ஊதுதுளை உள்ள துண்டு) உள்ளே தள்ளி இதைச் சரிசெய்யப் பார்த்தால் பலமான இடங்களில் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

மருந்து உதட்டில்தான் இருக்கிறது. சத்தம் குறையும்போது காற்றின் அளவைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். அதற்கு உதட்டுத் துளை சிறியதாக வேண்டும். கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் வந்து காற்று சற்று மேல்நோக்கிப் போக வேண்டும். பலமாக ஊதும்போது அதே காற்றைச் சற்றுக் கீழே திருப்புங்கள். குழலை உருட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. உள்ளே உருட்டினால் சுருதி இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் நாதமும் கூடவே அடைத்துப்போகும்.

இதற்கான பயிற்சிக்குச் சென்னையில் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. சுருதிப் பெட்டியோ, போனில் மின் தம்புராவோ போதும். விண்ட் ஆர்க்கெஸ்ட்ரா பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிற பி ஃப்ளாட் நம் கணக்கில் ஆறரைக் கட்டை. அதில் ஆதார ஷட்ஜத்தை வைத்து, நடு ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தை எட்டு எண்ணிக்கைக்குப் பலமாகத் தொடங்கி மெதுவாக முடியுங்கள். முதலில் ஒருவர், பிறகு இருவர், கடைசியில் ஐவரும். அலையடிப்பது போல ஒரு துடிப்பு கேட்டால் இருவருக்கும் இடையில் விலகல் இருக்கிறது என்று பொருள். துடிப்பு நிதானமானால் நெருங்குகிறீர்கள். ரிகர்சல் தொடங்குமுன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். யாருடைய முள் எங்கே என்ற வாக்குவாதமே எழாது.

முள் நடுவில் நின்றும் கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது) கசப்பதற்கு இன்னொரு காரணம் காந்தாரம். பி ஃப்ளாட் கார்டில் வரும் டி ஸ்வரம் அந்தர காந்தாரம். தம்புராவில் தானாக எழும் காந்தாரம், கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் கீழே இருக்கும். ட்யூனர் காட்டுவது கீபோர்டின் அளவை. நீளமாக நிற்கும் கார்டில் இரண்டாம் ஃப்ளூட்டுக்கு அந்த ஸ்வரம் வந்தால், முள்ளைப் பார்க்காமல் கொஞ்சம் இறக்கிப் பிடித்தால்தான் கார்டு அமரும். உங்கள் குழல்காரர்கள் இருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். அவர்கள் காது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. ஒருவரையாவது இரண்டாம் ஃப்ளூட்டில் உட்கார வையுங்கள். திறமை குறைந்தவர்களை இரண்டாம் வரிசைக்குத் தள்ளுகிற வழக்கம் பல குழுக்களில் உண்டு; அடித்தளம் ஆடினால் மேலே எதுவும் நிற்காது.

அடுத்தது வெயில். ஒரு டிகிரி சூடு ஏறினால் குழலுக்குள் இருக்கும் காற்றின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். மின்விசிறி மட்டும் ஓடும் 33 டிகிரி ஹாலில் பழகிவிட்டு, 23 டிகிரி ஏசி அரங்கில் வாசிக்கப் போனால் கணக்குப்படி 30 சென்ட் இறக்கம். மூச்சின் சூடு குழலுக்குள் இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு ஆகாது. ஆனால் இருபது பார் (தாளக் கட்டம்) ஓய்வுக்குப் பிறகு ஆறிப்போன குழலில் நுழையும்போது முதல் ஸ்வரம் கட்டாயம் தாழ்ந்திருக்கும். நுழைவதற்கு இரண்டு பார் முன்னால் ஊதுதுளையை உதட்டால் மூடி, சத்தமில்லாமல் சூடான மூச்சை உள்ளே விடுங்கள். இன்னொன்று: இப்போது விற்கும் ஃப்ளூட்டுகளில் பல, ஏ 442 (ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 442 அதிர்வு) என்ற அளவுக்குச் செய்யப்பட்டவை. கீபோர்டு 440. வித்தியாசம் 8 சென்ட். இதோடு நம் ஊர்ச் சூடும் சேரும்போது ஃப்ளூட் ஏறித்தான் நிற்கும்.

எனவே தலைப்பகுதியை 4 முதல் 6 மில்லிமீட்டர் வெளியே இழுத்துத் தொடங்குங்கள். ஐந்து பேரும் ஒரே அளவு இழுக்க வேண்டியதில்லை, குழலுக்குக் குழல் மாறும். 10 மில்லிமீட்டர் வரை இழுத்தால்தான் சேர்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. இழுப்பது எல்லா ஸ்வரத்தையும் சமமாக இறக்காது; சி, சி ஷார்ப் போலக் குட்டையான குழாயில் வரும் ஸ்வரங்கள் அதிகம் இறங்கும், கீழ் டி கொஞ்சமே இறங்கும். பிறகு குழலின் உள் அளவே கோணலாகிவிடும். அப்படிப்பட்ட குழலில், தலைப்பகுதியின் மூடிய முனைக்குள் இருக்கும் தக்கையைப் பாருங்கள். துடைக்கும் குச்சியின் ஒரு முனையில் கோடு இருக்கும். அந்த முனையை உள்ளே விட்டு தக்கையின் தகட்டைத் தொட்டால் கோடு ஊதுதுளையின் மையத்தில் தெரிய வேண்டும். தூரம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். பிள்ளைகள் மூடியைத் திருகி விளையாடியதில் தக்கை நகர்ந்து, மூன்று ஸ்தாயியும் மூன்று திசையில் போவது சர்வசாதாரணம்.

மூங்கில் குழலையே ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கலாமா என்று அந்த இருவரும் கேட்டிருப்பார்கள். அதில் சுருதியை இழுத்துச் சரிசெய்ய முடியாது. ஒரே உருப்படியில் ஆறரைக் கட்டையிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு, அதாவது ஈ ஃப்ளாட்டுக்கு, தாவும்போது குழலை மாற்ற வேண்டிவரும். தனி வாசிப்புக்கு வைத்துக்கொள்ளட்டும். வரிசையில் வெள்ளிக் குழலே சரி. அவர்களுக்கு அங்கே இடறுவது சுண்டுவிரல். மூங்கிலில் வலது சுண்டுவிரலை வைத்தால் துளை மூடும். போம் முறைக் குழலில் (சாவிகள் வைத்த இன்றைய வெள்ளிக் குழல்) அதே விரலை ஈ ஃப்ளாட் சாவியில் அழுத்தினால் துளை திறக்கும். கீழ் இரண்டு ஸ்தாயிகளில் டி, அதற்கும் கீழே உள்ள சில ஸ்வரங்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்தச் சாவி அழுந்தியே இருக்க வேண்டும். விட்டால் ஈ மெலிந்து ஒலிக்கும். அடுத்தது, ஸ்வரத்துக்குள் வழுக்கி நுழையும் பழக்கம். தனியாகக் கேட்டால் அழகு, ஐந்து பேர் சேர்ந்தால் குழப்பம். வளைகோடு (ஸ்வரங்களைச் சேர்த்து ஊதச் சொல்லும் குறி) இல்லாத ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நாக்கு வேண்டும். துத்துகாரம் (து, து என்று நாக்கால் வெட்டி ஊதுவது) தெரிந்தவர்களுக்கு இது சில வாரங்களில் வந்துவிடும்.

உட்காரும் முறை சின்ன விஷயம் மாதிரித் தோன்றும், ஆனால் சத்தத்தில் பாதி அங்கேதான் போகிறது. குழல் வலப்பக்கம் நீள்வதால் நாற்காலியைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, தலையை இடது தோள் பக்கம் திருப்பிக் கண்டக்டரைப் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் மேல் இடிக்கும் என்று குழலைத் தாழ்த்துவார்கள், சுருதியும் தாழும். ஸ்டாண்ட் விசிறியை ஃப்ளூட் வரிசைக்கு நேராக வைக்கவே கூடாது. உதட்டுக்கும் துளையின் விளிம்புக்கும் நடுவில் போகும் மெல்லிய காற்றை அது கலைத்துவிடும். கிளாரினெட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் மேடை என்றால் ஃப்ளூட்காரர்களின் முதுகு கடலைப் பார்க்கட்டும். பிக்கோலோ (ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் குட்டி ஃப்ளூட்) ஒன்று போதும். இரண்டு பிக்கோலோ ஒரே ஸ்வரத்தில் சேர்வது தேர்ந்தவர்களுக்கே கடினம்.

இனி பிள்ளைகள். முதல் வகுப்பில் முழுக் குழலைக் கையில் கொடுக்காதீர்கள். தலைப்பகுதி மட்டும்: மறுமுனையை உள்ளங்கையால் மூடினால் ஆறு கட்டையை ஒட்டிய ஏ, திறந்தால் அதன் மேல் ஸ்தாயி. கீழுதடு துளையில் மூன்றில் ஒரு பங்கு அளவு மூடியிருக்கட்டும். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் மாறி மாறி ஊதச் சொல்லுங்கள். வேகமாக ஊதித் தலை சுற்றுவது எல்லோருக்கும் வரும், உட்கார்ந்தால் போய்விடும். ஏசி அறையாக இருந்தால் உதட்டுத் தட்டில் மூச்சின் ஈரம் படியும் இடத்தைக் காட்டுங்கள். துளைக்கு நேரே சிறு முக்கோணமாக இருந்தால் காற்று சரியாகப் போகிறது, பரவலாக இருந்தால் உதடு அகன்றிருக்கிறது.

நாதம் பத்தில் எட்டு முறையாவது வந்த பிறகு குழலைப் பூட்டி பி, ஏ, ஜி. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்வரமாகக் கீழே இறங்குங்கள். நடு டிக்கு இடது ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். தூக்க மறப்பதுதான் முதல் வருடத்தின் பெரிய தவறு, ஒலி மங்கலாக வருவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பேண்ட் இசை ஃப்ளாட்டுகள் நிறைந்தது என்பதால் இடது கட்டைவிரலால் பிடிக்கும் பி ஃப்ளாட்டைச் சீக்கிரமே கற்றுக்கொடுங்கள். இயல்பான பி வருகிற இடத்தில் கட்டைவிரல் பழைய சாவிக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். எஃப், பி ஃப்ளாட் ஸ்கேல்கள் தடங்கலின்றி வந்ததும் இரண்டாம் ஃப்ளூட்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலி போடலாம். கீழ் ஸ்தாயியில் அவர்கள் ஊதுவது முப்பது பேர் நடுவில் யாருக்கும் கேட்காது. பழகுகிறவர்களுக்கு அதுவும் ஒரு சலுகை.

பராமரிப்பில் இரண்டே எச்சரிக்கை. மூங்கிலுக்கு எண்ணெய் தடவிய கை, வெள்ளிக் குழலின் இணைப்பிலும் தடவப் போகும். கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும், எண்ணெயில் தூசி சேர்ந்து இறுகிவிடும். பேட் (சாவிக்கு அடியில் துளையை மூடும் மெத்தை) ஒட்டினால் சிகரெட் தாளை அடியில் வைத்து மெல்ல அழுத்தி எடுங்கள், பவுடர் போடாதீர்கள். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டி மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் பேட்கள் இடம்பெயர்ந்து காற்று கசியும். அப்புறம் எந்தச் சுருதிப் பெட்டியும் உதவாது.