காற்றில்லாத காலையில் பொம்மை வாத்துகளை அசைய வைப்பது எப்படி?

கேள்வி: உரிமம் பெற்று வாத்து வேட்டைக்குச் செல்பவன் நான். சிறிய குளம் ஒன்றில் பன்னிரண்டு பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு, கரையோர மறைவிடத்தில் காத்திருப்பது வழக்கம். காற்று வீசும் நாட்களில் வாத்துகள் இறங்குகின்றன. காற்றில்லாத காலைகளிலோ இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு விலகிவிடுகின்றன. பேட்டரியில் இயங்கும் சுழல் இறக்கை பொம்மை ஒன்றையும் வாங்கினேன். முதல் இரண்டு வாரங்கள் அது நன்றாக உதவியது. இப்போது அதைக் கண்டே பறவைகள் ஒதுங்குவதுபோல் தோன்றுகிறது. பொம்மைகள் உயிருள்ளவை போல அசைய என்ன செய்யலாம்? இதே முறை பெருவாத்துகளுக்கும் (goose) பயன்படுமா?

பதில்: "இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு" என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் விடை இருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தபோது உங்கள் பொம்மைக் கூட்டம் அவற்றுக்குப் பிடித்திருக்கிறது. இல்லையென்றால் சுற்றவே வந்திரா. அருகில் வந்து மேலிருந்து பார்த்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று அவற்றுக்குப் பட்டிருக்கிறது. பொம்மையின் வண்ணமோ எண்ணிக்கையோ காரணமாக இருந்தால் காற்றடிக்கும் நாளிலும் அவை விலகியிருக்கும். எனவே குறை நீரில் இருக்கிறது.

உயிருள்ள வாத்துகள் ஐந்தாறு மேயும் குளத்தைக் காற்றில்லாத நேரத்தில் சற்று உயரமான கரையிலிருந்து பாருங்கள். ஒன்று தலையை நீருக்குள் விடும், ஒன்று வாலை மேலே தூக்கி அடிச்சேற்றைத் துழாவும், ஒன்று இறகைக் கோதிவிட்டு உடலை உதறும், இன்னொன்று ஒன்றும் செய்யாமல் நீந்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு செயலும் ஒரு வளையத்தை எழுப்புகிறது. அந்த வளையம் விரிந்து அடுத்த வாத்தின் வளையத்தை வெட்டுகிறது. வானத்தின் வெளிச்சம் அந்த மடிப்புகளில் உடைந்து, குளத்தின் பெரும்பகுதி ஓயாமல் மினுங்குகிறது. மேலே பறக்கும் வாத்துக்கு, கீழே இருப்பவற்றின் இறகு வண்ணம் தெரிவதற்கு முன்பே இந்த மினுக்கம் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். உங்கள் குளத்திலோ கண்ணாடி போன்ற நீரில் பன்னிரண்டு உருவங்கள் அசையாமல் நிற்கின்றன. எச்சரிக்கையடைந்த வாத்துகள்தான் அப்படி உறைந்து நிற்கும். ஆகவே பொம்மையை அசைப்பதைக் காட்டிலும் நீரை அசைப்பதையே நோக்கமாகக் கொள்ளுங்கள். நான் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

இதற்கு மிகச் சிறந்த கருவி, மோட்டார் எதுவும் இல்லாத இழுகயிறு. குளத்தில் பொம்மைகள் மிதக்கும் இடத்துக்கு அப்பால் ஒரு நங்கூரத்தை நிறுத்த வேண்டும். தரை சேறாக இருந்தால் ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரும்புக் கம்பியை ஆழமாக ஊன்றலாம். கல் தரையாக இருந்தால் ஐந்து கிலோவுக்குக் குறையாத எடை தேவைப்படும், ஏனெனில் எடை குறைந்த நங்கூரம் ஒவ்வோர் இழுப்பிலும் உங்களை நோக்கி நகர்ந்து, அரை மணி நேரத்தில் கயிறு தொய்ந்துவிடும். நங்கூரத்தில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள உறுதியான ரப்பர் கயிற்றைக் கட்டுங்கள். அதன் மறுமுனையில் கருமையான, பளபளக்காத நைலான் கயிற்றை இணைத்து மறைவிடம்வரை கொண்டு வாருங்கள். ரப்பருக்கு அருகிலிருந்து முக்கால் மீட்டர் இடைவெளியில் நான்கு முடிச்சு வளையங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கிளைக்கயிற்றைச் சுழல் கொக்கியால் மாட்டி, அதன் நுனியில் பொம்மையின் முன்பக்கத் துளையைக் கட்ட வேண்டும். நான்கு பொம்மைகள் போதும். ஆறுக்கு மேல் போனால் இழுக்கும் கை களைத்துவிடும், அசைவும் முரடாகிவிடும்.

கிளைக்கயிற்றைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பொம்மையை நேரடியாக முதன்மைக் கயிற்றில் மாட்டிவிடுகிறார்கள். அப்போது கயிற்றை இழுக்கையில் பொம்மை முன்னே வருகிறது. விடுகையில், ரப்பர் சுருங்க, பொம்மை அப்படியே பின்னோக்கிப் போகிறது. வாத்து பின்னோக்கி நீந்தாது. ஒரு சாண் நீளக் கிளைக்கயிறு இருந்தால், திரும்பும்போது பொம்மை மெல்லச் சுழன்று, தலை போகும் திசையிலேயே நகரும். நான்கு கிளைகளையும் ஒரே நீளத்தில் வெட்டாமல், இரண்டை ஒரு சாணாகவும் இரண்டை ஒரு முழமாகவும் வைத்தால், பொம்மைகள் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் நிற்பதும் தவிர்க்கப்படும்.

கயிறு நீருக்கு மேலே விறைப்பாகத் தெரியக்கூடாது. மறைவிடத்துக்கு முன்னால், கரையோர நீரில் ஒரு குட்டையான முளையை அடித்து, நீர்மட்டத்துக்குக் கீழே அதில் ஒரு வளையம் பொருத்தி, கயிற்றை அதன் வழியாக நுழைத்துவிட்டால், நீங்கள் எந்த உயரத்தில் அமர்ந்து இழுத்தாலும் குளத்தில் கயிறு மூழ்கியே இருக்கும்.

இனி இழுக்கும் முறை. கயிற்றை வெடுக்கென்று இழுத்து விடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. விரல்களால் கயிற்றைப் பற்றி, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, ஒரு முழம் அளவுக்கு இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, ரப்பரின் இழுவிசையைக் கையில் உணர்ந்தபடியே மெல்ல விடுங்கள். அந்த ஒரு நொடி நிறுத்தத்தில்தான் முதல் வளையங்கள் விரிகின்றன. பொம்மைகள் திரும்பி நகரும்போது எழும் இரண்டாவது வளையங்கள் அவற்றைக் குறுக்கே வெட்டுகின்றன. இரண்டு மூன்று இழுப்புக்குப் பிறகு, கயிற்றில் கட்டப்படாமல் பக்கத்தில் மிதக்கும் மற்ற எட்டுப் பொம்மைகளும் அந்த அலையில் லேசாகத் தலையசைக்கத் தொடங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். நான்கை இழுத்துப் பன்னிரண்டையும் அசைப்பது இப்படித்தான்.

எப்போது இழுப்பது என்பதும் அதே அளவு முக்கியமானது. பறவைகள் தொலைவில் இருக்கும்போது தாராளமாக இழுக்கலாம். அந்த மினுக்கமே அவற்றைத் திருப்பும். சுற்றும்போது அவற்றின் வால் உங்கள் பக்கம் இருக்கும் நேரத்தில் இழுங்கள். இறக்கைகளை விறைப்பாக விரித்து, கால்களைத் தொங்கவிட்டு இறங்கத் தொடங்கியதும் கையை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே எழுந்த வளையங்கள் சில நொடிகள் நீரில் நின்று உங்கள் வேலையைச் செய்யும். வாத்தின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ முழு வட்டமும் அதன் பார்வைக்குள் வரும் என்பதை மறக்க வேண்டாம். கயிற்றை இழுக்கும் கையை மறைவிடத்தின் விளிம்புக்கு மேலே உயர்த்தினால், பொம்மையின் அசைவுக்கு முன் உங்கள் அசைவே அதற்குத் தெரியும்.

மீதமுள்ள பொம்மைகளிலும் சிறிது கவனம் தேவை. ஒரு மீட்டர் ஆழத்தில் மிதக்கும் பொம்மைக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் கயிறு கொடுங்கள். ஆழத்தின் அளவுக்கே கட்டினால் அது குச்சியில் குத்தியது போல நிற்கும். அடிப்பகுதியில் எடை வார்த்த பொம்மை, தூக்கி எறிந்தாலும் தானாக நிமிரும், ஆனால் மந்தமாக அசையும். துளைகள் வழியே நீர் புகும் உள்ளீடற்ற அடிப்பகுதி கொண்டது எடை குறைந்தது, சிறு காற்றுக்கும் திரும்பும். சிறு குளத்துக்கு நான் பின்னதையே விரும்புவேன். அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள லவ்லாக் குகையில் 1924ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை கொண்ட பொம்மை வாத்துகள் கோரையால் முடையப்பட்டவை. எடையற்ற கோரை, நீரின் மெல்லிய நடுக்கத்துக்கும் இசைந்து ஆடியிருக்கும் என்றே நினைக்கிறேன். விலங்கையோ பறவையையோ காட்டி அதன் இனத்தைப் பிடிக்கும்போது, காட்டப்படும் உயிருக்குப் பழந்தமிழில் "பார்வை" என்றே பெயர் உண்டு. உயிருள்ள வாத்துகளையே அவ்வாறு பார்வையாகக் கட்டி வைக்கும் முறையை அமெரிக்கா 1935இல் தடைசெய்தது. இயல்பாக நீந்தி, குரலும் கொடுத்த அந்த வாத்துகளுக்கு முன் காட்டுப் பறவைகளால் தப்ப முடியவில்லை என்பதே அதன் பின்னணி.

இப்போது உங்கள் சுழல் இறக்கை பொம்மைக்கு வருவோம். அதன் இறக்கையின் ஒரு முகம் கருமையாகவும் மறுமுகம் வெண்மையாகவும் இருப்பதால், சுழலும்போது விட்டுவிட்டு மின்னி, இறங்கும் வாத்தின் சிறகடிப்பு போலத் தோன்றுகிறது. 1990களின் இறுதியில் பரவலான இக்கருவி தொலைவிலுள்ள பறவைகளை இழுப்பதில் வலிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாத்து எதுவும் இறங்கும் நிலையிலேயே மணிக்கணக்கில் சிறகடித்துக்கொண்டிருப்பதில்லை. பருவத்தின் தொடக்கத்தில் வரும் இளம் பறவைகள் இதைக் கவனிப்பதில்லை. பல குளங்களில் இதே மின்னலைக் கண்டு, அதையடுத்து வெடிச்சத்தத்தையும் கேட்ட பறவைகள் நன்றாகவே கவனிக்கின்றன. நீங்கள் கண்ட மாற்றத்துக்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ரிமோட் பொருத்தி, பறவைகள் தொலைவில் இருக்கும்போது மட்டும் இரண்டு மூன்று நொடிகள் சுழலவிட்டு, அவை உங்கள் பக்கம் திரும்பியதும் நிறுத்திவிடுங்கள். அங்கிருந்து வேலையை இழுகயிறு ஏற்றுக்கொள்ளட்டும். வாத்துகள் காற்றை எதிர்கொண்டே இறங்கும் என்பதால், சிறு காற்று இருந்தாலும் அந்தப் பொம்மையின் தலை அத்திசையை நோக்கியே இருக்க வேண்டும். பறவைகள் இறங்குவதற்காக நீங்கள் விட்டுவைக்கும் வெற்றிடத்தின் நடுவில் அதை நிறுத்தாமல் ஓரத்தில் நிறுத்துங்கள். பருவத்தின் பிற்பகுதியில் நான் அதை எடுத்துச் செல்வதே இல்லை. மின்கருவிப் பொம்மைகளைச் சில இடங்களில் முழுமையாகவும், சில இடங்களில் பருவத்தின் ஒரு பகுதிக்கும் தடை செய்திருக்கிறார்கள். உங்கள் உரிமத்தோடு தரப்படும் விதிகளை இந்த ஒரு நோக்கில் மீண்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நீரை உறிஞ்சிப் பீச்சும் சிறு பம்பு பொருத்திய, வால் மட்டும் மேலே தெரியும் பொம்மைகளும் உண்டு. இவை மேயும் வாத்தின் கலக்கத்தை நன்றாகக் காட்டும். ஆழமற்ற நீரில் சேற்றை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும் என்பதுதான் குறை. எந்த மின்கருவியானாலும் உறைகுளிரில் பேட்டரியின் திறன் வெகுவாகக் குறையும். புறப்படும்வரை அதை வீட்டுக்குள் வைத்திருந்து, மாற்றுப் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இழுகயிற்றில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், விழுந்த பறவையை எடுத்துவர என் நாய் நீந்திப்போனபோது, கயிற்றை நான் தளர்த்த மறந்துவிட்டேன். கயிறு அதன் முன்னங்காலில் சுற்றிக்கொண்டது. ரப்பர் அதை நங்கூரத்தின் பக்கம் இழுக்க, தலை இரண்டு முறை நீருக்குள் போனது. இடுப்பளவு நீரில் இறங்கிப் போய்க் கயிற்றை அறுத்தேன். அன்றிலிருந்து எட்டும் இடத்தில் கத்தி இல்லாமல் நான் கயிறு கட்டுவதில்லை. நாயை அனுப்புவதற்கு முன், கயிற்றை முழுமையாகத் தளர்த்தி அடியில் மூழ்கவிடுங்கள்; முடிந்தவரை இழுகயிற்றுக்கு மறுபுறமாக அதை அனுப்புங்கள். கயிற்று முனையை மணிக்கட்டிலோ காலிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும்போது கயிறு துணைவரின் கையில் இருக்கட்டும். தனியாகச் சென்றால், கயிற்றைக் கீழே வைத்த பிறகே துப்பாக்கியை எடுங்கள்.

பெருவாத்துகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவை பெரும்பாலும் அறுவடையான நிலங்களில் இறங்குவதால், நீர்வளையம் அங்கே பயன்படாது. காற்றுப் புகுந்து உப்பும் துணிப்பைப் பொம்மைகள் மென்காற்றிலும் அசையும், ஆனால் காற்று நின்றதும் தொய்ந்து தரையில் விழுந்து கிடப்பதால், காற்றில்லாத நாளில் அவற்றை விரிக்காமல் இருப்பதே மேல். அத்தகைய நாளில் ஒரு கோலில் கட்டிய கருந்துணி உதவும்: தொலைவில் கூட்டம் தெரியும்போது அதை உயர்த்தி, இறங்கும் பறவையின் இறக்கை போல மூன்று நான்கு முறை அசைத்து, தரையை நோக்கித் தாழ்த்தி மறைத்துவிடுங்கள், கூட்டம் உங்களை நோக்கித் திரும்பிவிட்டால் மறுபடி உயர்த்த வேண்டாம்.

இழுகயிற்றைக் கட்டியதும் முதல் நாளே வேட்டைக்குப் போகாமல், ஒரு மாலையில் துணைவரை இழுக்கச் சொல்லிவிட்டு எதிர்க்கரையின் உயரமான இடத்திலிருந்து நீங்கள் பாருங்கள். எந்தப் பொம்மை பின்னோக்கி நகர்கிறது, எங்கே கயிறு நீருக்கு மேலே தெரிகிறது, ஈரத்தில் எதன் முதுகு பளபளக்கிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். ரப்பர் கயிற்றை மட்டும் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் இழுத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.